ஜவ்வாது மலை இலையும் வங்கக் கடல் உலோகமும்

“போளூருக்கும் கடலுக்கும் என்ன உறவு?” என்று ஒரு நாள் வகுப்பில் கேட்டேன்.

“கருவாடு, டீச்சர்!” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பதிலில் தவறு ஒன்றும் இல்லை. கடலிலிருந்து நமக்குக் கருவாடு வருகிறது; சரி. நம்மிடமிருந்து கடலுக்கு என்ன போகிறது? இதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதிலை இம்மலரின் வாயிலாக மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்ல விழைகிறேன்.

பதில் ஒரே சொல்தான்: இலை. ஜவ்வாது மலையில் உதிரும் இலை, மழையில் ஊறி, ஆற்றோடு போய், கடல் நீரில் உள்ள இரும்பும் செம்பும் உயிர்களுக்கு உணவாவதா, நஞ்சாவதா, சேறாவதா என்பதில் பங்கு கொள்கிறது. கேட்பதற்கு வியப்பாக இருக்கிறதல்லவா? படிப்படியாகக் காண்போம்.

இலை செல்லும் பாதை

நம் ஊருக்கு மேற்கே நிற்கும் ஜவ்வாது மலையை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அங்கே பிறக்கும் செய்யாறு மலையிலிருந்து இறங்கி, போளூருக்குத் தெற்கே கலசபாக்கம் வழியாகச் சென்று, திருவத்திபுரத்தைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிறது. படவேடு பக்கத்தில் செண்பகத்தோப்பு அணையில் தேங்கும் கமண்டல நதியும் இதனோடு சேருகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருமுக்கூடல் என்னும் ஊரில் செய்யாறும் வேகவதியும் பாலாற்றில் கலக்கின்றன. மூன்று ஆறுகள் கூடுவதால்தான் அவ்வூருக்கு அப்பெயர்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டுக்குள் வந்து, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் ஓடி, சதுரங்கப்பட்டினத்துக்கும் கல்பாக்கத்துக்கும் தெற்கே வயலூர் அருகில் வங்கக் கடலில் சேருகிறது. ஆகவே நம் மலையில் விழும் மழைத்துளிக்கும் அந்த முகத்துவாரத்துக்கும் நேரான வழி உண்டு. பாலாறும் செய்யாறும் ஆண்டின் பெரும்பகுதி வறண்ட மணலாகவே கிடக்கின்றன என்பது உண்மை. ஆனால் மழைக்காலத்தில் நீர் வரும்போது, பல மாதங்களாகச் சேர்ந்து கிடந்த சருகும் மக்கும் முதல் வெள்ளத்திலேயே புறப்பட்டுவிடுகின்றன. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளத்தை நம்மில் பலர் கண்டோம். அவ்வெள்ளம் தண்ணீரை மட்டுமா சுமந்து சென்றது?

கஷாயத்தில் என்ன இருக்கிறது?

மழை நின்ற பின் மரநிழலில் உள்ள குட்டையைப் பார்த்திருப்பீர்கள். இலைகள் ஊறிக் கிடக்கும் அந்நீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருக்கும். சேறு அடியில் படிந்த பின்னும் அந்நிறம் போகாது. ஏனென்றால் அது மண்ணின் நிறமன்று. நீரில் கரைந்த இலைச்சத்தின் நிறம்.

உதிர்ந்த இலை, பட்டை, வேர், புல் ஆகியவற்றை மண்ணில் உள்ள பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சிதைக்கின்றன. அப்போது எளிதில் அழியாத பழுப்பு நிறப் பொருள்கள் மிஞ்சுகின்றன. இவற்றை விஞ்ஞானிகள் ஹியூமிக் பொருள்கள் என்பர். நாம் இலைமக்குச் சத்து என்று சொல்லிக்கொள்ளலாம். உயிர்களிலிருந்து வந்த இத்தகைய பொருள்களுக்குப் பொதுவாகக் கரிமப் பொருள் என்று பெயர்.

இலைமக்குச் சத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன் மூலக்கூறுகளின் ஓரங்களில் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் பல இருக்கின்றன. நண்டு தன் கொடுக்கால் பிடிப்பதுபோல, ஓர் உலோக அயனியைப் பல பக்கத்திலிருந்தும் அவை பற்றிக்கொள்கின்றன. எல்லா உலோகத்தையும் ஒரே உறுதியோடு பற்றுவதில்லை. இரும்பையும் செம்பையும் இறுகப் பிடிக்கும். காட்மியம் போன்றவற்றைத் தளர்வாகவே பிடிக்கும்.

இதை வீட்டிலேயே ஒரு சிறு சோதனையால் அறியலாம். நம் மலையில் கிடைக்கும் கடுக்காயை இடித்து, நீரில் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். மஞ்சள் கலந்த பழுப்பு நீர் கிடைக்கும். அன்னபேதி உப்பைச் சிறிதளவு வேறொரு கண்ணாடிக் குவளையில் கரைத்துக்கொள்ளுங்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. இதில் சில சொட்டுகளைக் கடுக்காய் நீரில் விடுங்கள். பழுப்பு நீர் கறுத்து மையாகிவிடும்! அக்காலத்தில் எழுது மையும், துணிக்குக் கறுப்புச் சாயமும் இம்முறையில்தான் செய்தார்கள். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டதற்கு அந்தக் கறுப்பே சாட்சி. (இந்நீரை வாயில் வைக்கக் கூடாது, சீருடையில் பட்டால் கறை போகாது. பிறகு அம்மா என்னைக் கோபித்துக்கொள்வார்கள்.)

குவளையில் நடந்ததைப் போன்ற ஒரு பற்றுதல்தான் மலையிலும் நடக்கிறது. மண்ணிலும் பாறையிலும் உள்ள இரும்பு, செம்பு முதலியவற்றைப் பிடித்துக்கொண்டு இலைக் கஷாயம் ஆற்றில் இறங்குகிறது.

கடலில் உலோகம் எவ்வளவு?

கடல்நீர் ஒரு கிலோவில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இரும்பு, செம்பு, துத்தநாகம், நிக்கல் போன்றவையோ மிக மிகச் சிறிய அளவில்தான் உள்ளன. ஆகவே இவற்றை நுண்ணளவு உலோகங்கள் என்கிறோம்.

எவ்வளவு சிறிய அளவு என்று மனத்தில் பதிய ஒரு கணக்கு. 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 100 வரிசையாக நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை லாரிகளிலும் ஆற்று நீரை நிரப்பினால், உலக ஆறுகளின் சராசரிப்படி, அதில் கரைந்துள்ள இரும்பு 40 கிராம் அளவிலோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். அதே 100 லாரிகளிலும் நடுக்கடல் நீரை நிரப்பினால், அதில் உள்ள இரும்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இராது!

இவ்வளவு சிறிய அளவை அளப்பது எளிதன்று. 1970-களின் நடுப்பகுதி வரை கடல்நீரின் உலோக அளவுகள் பல, உள்ளதைவிட மிக அதிகமாகவே குறிக்கப்பட்டு வந்தன. காரணம் என்ன? கப்பலின் துரு, நீர் மொள்ளும் கலம், சோதனைச் சாலைத் தூசி ஆகியவற்றிலிருந்த உலோகமே நீரில் கலந்துவிட்டது. பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என்று 1956-இல் கணித்துக் காட்டிய கிளேர் பாட்டர்சன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, சோதனைச் சாலையை எவ்வளவு தூய்மையாக வைத்தால் உண்மை வெளிப்படும் என்பதைக் காரீய ஆராய்ச்சியில் மெய்ப்பித்தார். சோதனைக் குழாயை நன்றாகக் கழுவு என்று ஆசிரியை சொல்வது வீண் கண்டிப்பு அல்ல என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

சரி, ஆற்றில் அவ்வளவு இருந்த இரும்பு கடலில் எங்கே போயிற்று?

முகத்துவாரத்தில் நடப்பது

இதற்கு இன்னொரு சோதனை. ஒரு பாத்திரத்தில் களிமண்ணைக் கரைத்து, கலங்கிய நீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி உப்புப் போட்டுக் கலக்குங்கள். இரண்டையும் அசைக்காமல் வையுங்கள். உப்பிட்ட குவளையில் மண் திரண்டு விரைவில் அடியில் படியும். மற்றொன்று நெடுநேரம் கலங்கியே இருக்கும்.

காரணம் இது. மிக நுண்ணிய களித்துகள்களின் மேல் எதிர் மின்னூட்டம் உண்டு. ஒரே மின்னூட்டம் உடையவை ஒன்றையொன்று தள்ளும் என்று பௌதிகத்தில் படித்திருக்கிறோம். ஆகவே அவை ஒன்று சேராமல் நீரில் மிதந்துகொண்டே இருக்கின்றன. உப்பில் உள்ள நேர் அயனிகள் வந்ததும் அந்தத் தள்ளல் குறைகிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டு, கனத்து, கீழே இறங்குகின்றன.

ஆற்று நீரில் கரைந்ததாகத் தோன்றும் இரும்பின் பெரும்பகுதி உண்மையில் இப்படிப்பட்ட நுண்துகளாகவே இருக்கிறது. அத்துகளின் மேல் இலைமக்குச் சத்து போர்வைபோல் மூடியிருக்கிறது. ஆற்று நீர் கடலைச் சந்திக்கும் முகத்துவாரத்தில் சோடியம், மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் அயனிகள் திரளாக எதிர்ப்படுகின்றன. உடனே, எலுமிச்சைச் சாறு பட்ட பால் திரிவதுபோல, இரும்பும் மக்கும் திரண்டு சேறாகப் படிகின்றன.

எட்வர்டு ஷோல்கோவிட்ஸ் என்னும் விஞ்ஞானி ஸ்காட்லாந்து நாட்டு ஆற்று நீரை நன்றாக வடிகட்டி, அதில் கடல்நீரைக் கலந்து பார்த்தார். தெளிந்த நீரிலிருந்து செதில் செதிலாகப் பொருள்கள் திரண்டு வந்தன. 1976-இலும் 1978-இலும் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, இரும்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு திரண்டு விழுந்தது. செம்பிலும் நிக்கலிலும் ஐந்தில் இரண்டு பங்கு அளவில் விழுந்தது. காட்மியத்தில் மிகச் சிறு பகுதியே விழுந்தது.

எனவே முகத்துவாரம் ஒரு வடிகட்டி என்று சொல்லலாம். ஆனால் எல்லாம் வடிகட்டப்படுவதில்லை. இலைமக்குச் சத்தில் ஒரு பகுதிதான் திரிந்து விழுகிறது. நீரில் நன்றாகக் கரையும் பகுதி உப்பைத் தாண்டிக் கடலுக்குள் போய்விடுகிறது. தான் பிடித்திருக்கும் உலோகத்தையும் கையோடு அழைத்துச் செல்கிறது. நம் கதையின் முக்கியமான இடம் இதுவே.

கையைப் பிடித்துக்கொண்டு வரும் உலோகம்

தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சிறு குழந்தை தனியே போனால் தொலைந்துவிடும். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டால் பத்திரமாகப் போகும். இரும்பின் நிலையும் இதுவே. பிராணவாயு கரைந்த, சற்றே காரத்தன்மை உடைய கடல்நீரில் தனி இரும்பு நெடுநேரம் கரைந்திருக்க முடியாது, துருவாகி விழுந்துவிடும். கரிமப் பொருளின் பிடியில் இருந்தால் கரைந்த நிலையிலேயே இருக்கும். மார்த்தா கிளெட்ஹில், ஸ்டான் வான் டென் பெர்க் என்னும் இருவர் வடகடல் நீரை ஆராய்ந்து, கரைந்த இரும்பில் 99 விழுக்காட்டுக்கு மேல் கரிமப் பொருளோடு பிணைந்தே இருக்கிறது என்று 1994-இல் வெளியிட்டனர். இப்பிணைப்புப் பொருள்களில் சில ஆற்றிலிருந்து வருபவை; சில கடலில் வாழும் நுண்ணுயிர்களே செய்பவை. கரையை ஒட்டிய கடலில் ஆறு தரும் பங்கு பெரிது.

கடலில் இரும்பு இருந்தால் யாருக்கு லாபம்? மிதக்கும் நுண்பாசிகளுக்கு. இவை கண்ணுக்குத் தெரியாத பயிர்கள். சூரிய ஒளியைக் கொண்டு உணவு செய்ய இவற்றுக்கு இரும்பு இன்றியமையாதது. நுண்பாசியைச் சிறு பூச்சிபோன்ற மிதவை உயிர்கள் தின்னும். அவற்றை நெத்திலியும் மத்தியும் தின்னும். அவற்றைப் பெரிய மீன்கள் தின்னும். நிலத்துக்கு மிக அருகில் இருக்கும் கரைக்கடலில் இரும்புக்குப் பஞ்சம் குறைவு. தொலைவிலுள்ள பெருங்கடலின் சில பகுதிகளில் மற்றச் சத்துகள் நிறைய இருந்தும் இரும்பு ஒன்று குறைவதால் பாசி வளர்வதில்லை.

செம்பின் கதை வேறு. செம்பு உயிர்களுக்குத் தேவையானதே. இறாலின் இரத்தத்திலும் நண்டின் இரத்தத்திலும் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பு அன்று, செம்பு. ஆகவே அவ்விரத்தம் சிவப்பாக இராது, நீலச் சாயல் பெறும். ஆனால் அளவு சற்று மிஞ்சினால் செம்பு நஞ்சு. தோட்டப் பயிரில் பூஞ்சையைக் கொல்ல மயில்துத்தம் கலந்து தெளிப்பது நம் பெற்றோருக்குத் தெரிந்ததே. மயில்துத்தம் செம்பின் உப்பு. பூஞ்சையைக் கொல்வது கடலின் நுண்பாசியையும் கொல்லும்.

இங்கேதான் கரிமப் பொருள் காவலாக நிற்கிறது. வில்லியம் சுண்டா, ராபர்ட் கில்லார்டு என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1976-இல் ஒன்றைக் காட்டினார்கள். நீரில் மொத்தம் எவ்வளவு செம்பு இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பாசி சாவதில்லை. பிடிபடாமல் தனித்துத் திரியும் செம்பு அயனி எவ்வளவு என்பதைப் பொறுத்தே சாகிறது. கரைக்கடல் நீரில் உள்ள செம்பில் மிகப் பெரும்பகுதி கரிமப் பொருளின் பிடியில் இருப்பதால், பாசி பிழைத்துக்கொள்கிறது. இரும்புக்குக் கை கொடுக்கும் அதே இலைச்சத்து, செம்பின் கையைக் கட்டியும் போடுகிறது!

இதிலிருந்து ஒரு பாடம். நீரில் ஓர் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது. அது எந்த நிலையில், எதனோடு சேர்ந்து இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

சேற்றின் மறுபக்கம்

இதைப் படித்துவிட்டு, “இலைமக்கு இருக்கும்வரை எந்த நஞ்சுக்கும் பயமில்லை” என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

முதலாவது, காட்மியம் போன்ற உலோகங்கள் ஆற்றில் மண்துகளோடு ஒட்டி வந்தாலும், கடலின் குளோரைடு அயனி அவற்றைத் துகளிலிருந்து பிரித்துக் கரைத்துவிடுகிறது. இரும்பு விழும் இடத்தில் காட்மியம் எழுகிறது.

இரண்டாவது, திரண்டு படிந்த சேறு அப்படியே உறங்கிக் கிடப்பதில்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குச் சுற்றுலா சென்றவர்கள் அங்குள்ள கறுஞ்சேற்றையும் அதன் அழுகிய முட்டை நாற்றத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே இலைகளை அழிக்கும் பாக்டீரியாக்கள் பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. நாற்றம் அதனுடையது, கறுப்பு, அது இரும்போடு கூடியதால் வந்தது. பல உலோகங்கள் இச்சேற்றில் சல்பைடாகச் சிறைப்படுகின்றன. சேற்றைத் தோண்டிக் கிளறினால் சிறை உடைகிறது. உலோகம் மீண்டும் நீருக்கு வருகிறது. இன்னும் ஓர் ஆபத்து, இத்தகைய சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெதில் பாதரசமாக மாற்றுவது. இது உயிர்களின் உடலில் தங்கி, மீனுக்கு மீன் பெருகிக்கொண்டே போகும். அப்பாக்டீரியாக்களுக்கு உணவு, மக்கிய கரிமப் பொருளே.

கழிமுக நீரும் உயிரும் பற்றிய ஆராய்ச்சி நம் மாநிலத்திலேயே நெடுங்காலமாக நடக்கிறது. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1961 முதல் இயங்குகிறது. கடலைக் கண்டிராத ஊரில் பிறந்த பெண்களும் அங்கே கடலை ஆராயலாம் என்பதை மாணவிகள் நினைவில் கொள்ளவும்.

நம் பாலாறு சுமப்பது

இப்போது நம் ஆற்றுக்கே திரும்புவோம். செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றைச் சேரும்போது, பாலாறு வெறுங்கையோடு வரவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய தோல் பதனிடும் ஊர்களைத் தாண்டி வருகிறது.

முற்காலத்தில் தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்டனர். டானின் தோலின் இழைகளைப் பற்றிக்கொண்டு, அழுகாமல் காத்தது. ஆனால் இதற்குப் பல வாரங்கள் பிடித்தன. குரோமிய உப்பைக் கொண்டு பதனிட்டால் ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். தோலும் மென்மையாக இருக்கும். முழுமை பெற்ற தோலை ஏற்றுமதி செய்ய அரசு ஊக்கம் அளித்த 1970-களுக்குப் பின் குரோமிய முறை பெருகியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பும் வந்தது. கூடவே சுத்திகரிக்காத கழிவும் ஆற்றையும் நிலத்தடி நீரையும் அடைந்தது. கிணறுகள் கெட்டன, வயல்கள் பாழாயின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்னும் இரு நெறிகளையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு ஏற்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. ஆயினும் துயரம் முற்றும் தீரவில்லை. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்தும் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு குறித்தும் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

குரோமியத்துக்கு இரு முகங்கள். மூன்று இணைதிறன் உடைய குரோமியம் மண்ணோடும் மக்கோடும் எளிதில் ஒட்டிக்கொள்ளும், தீங்கு குறைவு. ஆறு இணைதிறன் உடையதோ நீரில் நன்கு கரைந்து ஓடும், உயிர்களுக்குக் கொடிய நஞ்சு, புற்றுநோய்க்கும் காரணமாகும். இலைமக்குச் சத்து இரண்டாவதை மெல்ல மெல்ல முதலாவதாக மாற்ற வல்லது. ஆக, நம் மலையின் இலை இங்கேயும் தன்னால் ஆனதைச் செய்கிறது. எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மலைக் காடு குறைந்தால் இந்த உதவி குறையும்; கழிவு கூடினால் உதவி போதாது. வறண்ட ஆற்றில் எட்டு மாதம் தேங்கியது ஒரே வெள்ளத்தில் புறப்பட்டால், எந்த இலைதான் ஈடு கொடுக்கும்? மேலும், பிடிபட்ட உலோகம் அழிந்த உலோகம் அன்று. சேற்றில் கிடக்கும், கிளறினால் எழும். ஆற்றுக்குள் விடாமல் தடுப்பதே முதல் மருத்துவம்.

பழைய பட்டை முறைக்கே போய்விட்டால் எல்லாம் சரியாகுமா என்று சிலர் கேட்கலாம். அதன் கழிவும் சுத்திகரிக்காமல் விட்டால் நீரின் பிராணவாயுவைக் குடித்து மீனைக் கொல்லும். மலையில் மெதுவாக ஊறி வரும் இலைச்சத்தும், தொட்டியிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் குபீரென்று கொட்டும் கரிமக் கழிவும் ஒன்றல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்று என்று மயங்கக் கூடாது.

மலையில் மரம் நட்ட மீனவர்

ஜப்பானில் கெசென்னுமா என்னும் கடற்கரை ஊரில் சிப்பி வளர்த்து வாழ்ந்தவர் ஷிகெயாட்சு ஹதகெயாமா. விரிகுடாவில் நீர் கெட்டுச் சிப்பித் தொழில் நலிந்தது கண்டு, காரணம் தேடி ஆற்றின் போக்கிலேயே மேலே சென்று பார்த்தார். குறை மலையிலும் ஆற்றங்கரையிலும் தொடங்குகிறது என்று உணர்ந்தார். 1989-இல் மீனவர்களை அழைத்துக்கொண்டு மலைக்குப் போய் மரம் நட்டார்! அதே நாட்டில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்சுஹிகோ மட்சுநாகா, காட்டின் மக்குச் சத்து இரும்பைப் பிடித்துக் கடலுக்குக் கொண்டு செல்வதை ஆராய்ச்சியால் விளக்கினார். மீனவர் அனுபவத்தால் அறிந்ததும் விஞ்ஞானி சோதனையால் அறிந்ததும் ஒன்றாயின. பின்னர் பள்ளிப் பிள்ளைகளும் ஆண்டுதோறும் அம்மலையில் மரம் நடச் சென்றனர். 2012-இல் ஐக்கிய நாடுகள் சபையின் காடு பற்றிய அமைப்பு அவருக்குச் சிறப்புச் செய்தது.

அங்கே கடற்கரையார் மலைக்குப் போக வேண்டியிருந்தது. நாமோ மலையடிவாரத்திலேயே இருக்கிறோம்.

ஆகவே, அன்பு மாணவிகளே, அடுத்த முறை ஜமுனாமரத்தூருக்குச் செல்லும்போது பாதையோரச் சருகைக் குப்பை என்று எண்ணித் தீ வைக்கும் கையைத் தடுங்கள். காட்டுத் தீ ஒரு பருவத்துச் சருகை மட்டும் எரிப்பதில்லை. மழைநீரை ஊறவைத்து மெல்ல விடும் மெத்தையையே எரித்துவிடுகிறது. ஓடையில் பழைய பேட்டரியையும் சாயத் தண்ணீரையும் கொட்டுவோரிடம், அந்த ஓடை எங்கே போகிறது என்று பணிவாகச் சொல்லுங்கள். சொல்வதற்கு இப்போது உங்களிடம் காரணம் இருக்கிறது.

அன்று கடைசி வரிசையிலிருந்து “கருவாடு” என்று சொன்ன பெண்ணுக்கும் ஒரு சொல். நீ சொன்னது சரியான விடையின் பாதி. நம் மலை இலை கடலுக்குப் போய்ப் பாசிக்கு உதவுகிறது. பாசி நெத்திலிக்கு உணவாகிறது. நெத்திலி கருவாடாகிச் சந்தைக்கு வருகிறது. நாம் ஆற்றில் எதை அனுப்புகிறோமோ அதுவும் அதே வழியில் திரும்பி வரக்கூடும். மறு பாதி அதுதான்.

எண்ணிப் பார்க்க:

1. இரும்பைக் கரைந்த நிலையில் வைக்கும் இலைச்சத்து, செம்பின் தீமையைக் குறைப்பது எவ்வாறு?

2. ஆற்று நீர் உப்பு நீரைச் சந்திக்கும் இடத்தில் இரும்பு திரள்வது ஏன்? காட்மியம் மட்டும் வேறு விதமாக நடந்துகொள்வது ஏன்?

3. உங்கள் தெருவில் விழும் மழைநீர் எந்த ஓடை, எந்த ஏரி, எந்த ஆறு வழியாகக் கடலை அடைகிறது? தாத்தா பாட்டியிடம் கேட்டு, ஒரு படம் வரைந்து வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.